வியட்நாமுக்கு எங்களை அழைத்துச் செல்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து வியட்நாமுக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும், குழுவோடு கூடவே வந்து எங்களைப் பார்த்துக்கொள்ளும் டூர் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு கடைமடைக் கிராமத்துக்காரி. அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். என் கணவர் விவசாயி. உங்களில் ஒருவர் நடத்திய குழுவில் நாங்கள் இருவரும் வியட்நாம் போய்வந்தோம். அந்த அனுபவத்தில் உங்கள் எல்லோரிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன்: உங்கள் அட்டவணையில் அந்த ஊர் மனிதர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

அதற்கு முன்னால் நன்றி சொல்ல வேண்டும். 2023-இல் திருச்சியிலிருந்து சைகோனுக்கு, அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்துக்கு, நேரடி விமானம் வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் 90 நாள் இ-விசாவும் வந்தது. ஆனாலும் நீங்கள் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற ஊர்ப்புறத்து ஆட்கள் விமானம் ஏறியிருக்க மாட்டோம். விசாப் படிவம் நிரப்பியதும், முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்கியதும், ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவருக்கு மயக்கம் வந்தபோது டாக்டரைக் கூட்டிவந்ததும் நீங்கள்தான். அதையெல்லாம் நான் மறக்கவில்லை.

ஹா லாங் விரிகுடாவில் கப்பல், பா நா மலையில் இரண்டு பெரிய கைகள் தாங்கி நிற்கும் தங்கப் பாலம், ஹோய் ஆன் தெருக்களில் காகித விளக்குகள், போர்க்காலத்துக் கூ சி சுரங்கம், மேகாங் ஆறு. காட்டியதெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்து எங்கள் குழுவினரோடு பேசிப் பார்த்தால், வியட்நாம்காரர் ஒருவரோடு பேரம் பேசியதைத் தவிர வேறு எதுவும் பேசியதாக ஏறக்குறைய யாருமே சொல்லவில்லை. பஸ்ஸில் நாங்கள், ஹோட்டலில் நாங்கள், சாப்பிடும் இடத்திலும் நாங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு நாடு போய்க்கொண்டிருந்தது.

மேகாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சைகோனிலிருந்து காலையில் கிளம்பி மை தோ போய், படகேறிப் பென் ட்ரேவில் இறங்கினோம். தேங்காய் மிட்டாய் செய்யும் இடம், தேன் கலந்த தேநீர், ஒரு தட்டு பழம், நாலு பாட்டு, கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு துடுப்புப் படகில் ஒரு போட்டோ. அப்புறம் கிளம்பு கிளம்பு என்று பஸ்ஸுக்கு ஓட்டம். எங்கள் குழுவில் பாதிப் பேர் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்துக்காரர்கள். வாய்க்காலும் வரப்புமாகப் பிறந்து வளர்ந்தவர்கள். இன்னொரு டெல்டாவுக்குள் நிற்கிறோம் என்பதே தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

என் கணவருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. குழு திருச்சிக்கு விமானம் ஏறிய பிறகு நாங்கள் மட்டும் சில நாள் கூடுதலாகத் தங்கினோம். எங்கள் மகன் பென் ட்ரே பக்கத்தில் விருந்தினருக்கு அறை கொடுக்கும் ஒரு விவசாயி வீட்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான். தென்னந்தோப்பும் பம்ப்ளிமாஸ் மரங்களுமாக ஒரு வீடு. கணவனும் மனைவியும் கிட்டத்தட்ட எங்கள் வயதுதான். போனதும் முதலில் எங்கள் வயதைத்தான் கேட்டார்கள். அங்கே எதிரில் இருப்பவர் அண்ணனா தம்பியா, அக்காவா அத்தையா என்று தெரியாமல் பேச்சையே தொடங்க மாட்டார்கள். என்னைவிட அந்த அம்மாவுக்கு இரண்டு வயது குறைவு. அந்த நொடியிலிருந்து நான் அவருக்கு அக்கா.

பேச்செல்லாம் கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலி வழியாகத்தான். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஐயா என் கணவரிடம் எவ்வளவு நிலம், என்ன பயிர் என்று விசாரித்தார். பிறகு வீட்டைச் சுற்றி வரிசையாக நின்ற பெரிய பெரிய மண்சாடிகளைக் காட்டினார். மழைத் தண்ணீர் பிடித்து வைக்கும் சாடிகள். கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடல் உள்ளே ஏறிவிடுகிறது. 2016-லும் 2020-லும் உப்பு அளவுக்கு மீறி ஏறியது. 2020-இல் பென் ட்ரே உட்பட ஐந்து மாகாணங்களில் அவசரநிலையே அறிவித்தார்கள். பேனா மாதிரி ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார். வாய்க்கால் தண்ணீரில் அதை முக்கி உப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் மடையைத் திறப்பார். இளநீர் காய்க்கும் பூமியில் குடிக்கத் தண்ணீரை விலை கொடுத்து வாங்கினோம் என்றார்.

ஏன் இப்படி என்று என் கணவர் கேட்டார். அவர் ஒரு காகிதத்தை எடுத்து நீளமாக ஓர் ஆறு வரைந்தார். மேலே சீனா, அதற்குக் கீழே லாவோஸ், குறுக்கே குறுக்கே கோடுகள். ஒவ்வொரு கோடும் ஓர் அணை. கடைசியில் கடல். மழை குறைந்துபோனதையும் சொன்னார், ஆற்று மணலை அள்ளுவதையும் சொன்னார். ஆனால் பேனா திரும்பத் திரும்ப அந்தக் கோடுகளுக்கே போனது. என் கணவர் அந்தப் பேனாவை வாங்கி அதே காகிதத்தில் பக்கத்திலேயே காவிரியை வரைந்தார். கிருஷ்ணராஜசாகர், கபினி, மேட்டூர், கல்லணை. மேட்டூரை ஜூன் 12-இல் திறக்க வேண்டும், திறக்காத வருடங்கள் எத்தனையோ உண்டு, திறந்தாலும் எங்கள் ஊருக்கு வந்து சேர நாளாகும், கடலோரத்தில் எங்களுக்கும் கிணற்று நீர் உப்பாகிக்கொண்டே வருகிறது என்று சொன்னார். அந்த ஐயா எங்கள் ஆறு கடலில் சேரும் இடத்தில் விரலை வைத்தார். பிறகு தன் ஆறு முடியும் இடத்தில் வைத்தார். இரண்டு பேரும் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. எங்கள் வீட்டுக்காரர் நாற்பது வருடமாக விவசாயிகள் கூட்டத்தில் கத்தி வருவதை, அவர் பாஷை ஒரு சொல்கூடத் தெரியாத ஒருவர் அன்றைக்கு முழுசாகப் புரிந்துகொண்டார்.

அந்த வீட்டுக்கு அரைமணி நேரத் தூரத்தில்தான் உங்கள் தேங்காய் மிட்டாய்க் கடை இருக்கிறது.

மறுநாள் அந்த ஐயாவின் அம்மாவுக்கு நினைவு நாள். இறந்த நாளை அவர்களும் சந்திரக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள், நாம் திதி பார்ப்பது போலவே. விடிவதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். சமையல்கட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கத்தி. நான் சும்மா நிற்பதைப் பார்த்த ஒரு பாட்டி வாழையிலைக் கட்டையும் ஈரத்துணியையும் என் பக்கம் தள்ளிவிட்டார். ஒட்டரிசி மாவுக்குள் பூரணம் வைத்து இலையில் மடித்து அவிக்கிறார்கள். நம் கொழுக்கட்டையேதான். நான் மடித்த முதல் இலை சரியில்லை என்று அந்தப் பாட்டி பிரித்து, மறுபடி மடித்துக் காட்டினார். மாமியாரிடம் பாடம் கேட்ட காலம் நினைவுக்கு வந்தது.

கூடத்தில் முன்னோர் மாடம். ஐயாவின் அம்மா படம், ஊதுவத்தி நட்ட கிண்ணம், பூ, பழம், தண்ணீர், சோற்றுக் கிண்ணம், அதன் மேல் குச்சிகள். சமைத்ததையெல்லாம் கொண்டுவந்து வைத்து ஊதுவத்தி ஏற்றினார்கள். அது எரிந்து முடியும்வரை யாரும் சாப்பாட்டைத் தொடுவதில்லை, முன்னோர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று. பேரப்பயல் ஒருவன் பழத்தட்டுக்குக் கை நீட்டினான். அந்த அம்மா அவன் கையில் ஒரு தட்டு தட்டி, படத்தைக் கண்ணால் காட்டினார். படைக்கிறதுக்கு முன்னாடி தொடாதே என்று சொல்லி நானே எத்தனை பிள்ளைகளின் கையைத் தட்டியிருக்கிறேன். நாம் காக்காய்க்குக் காத்திருக்கிறோம், அவர்கள் வத்தி எரிய எரியக் காத்திருக்கிறார்கள்.

மாடத்தில் இன்னொரு படமும் இருந்தது. இருபது வயதுகூட நிரம்பாத பையன். ஐயாவின் அண்ணன். போருக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. எந்த நாளில் செத்தார் என்று தெரியாததால், வீட்டை விட்டுக் கிளம்பிப்போன நாளையே அவருக்கு நினைவு நாளாக வைத்துப் படைக்கிறார்கள். அந்த அம்மா, அதாவது அன்று யாருக்குத் திதியோ அவர், கடைசிவரை அந்தப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சோறு தனியாக எடுத்து வைத்திருக்கிறார். இப்படி இன்னும் சுமார் 2 லட்சம் வீரர்களின் உடல்கள் கிடைக்கவில்லை என்று வியட்நாம் அரசே சொல்கிறது. போர் முடிந்தது 1975 ஏப்ரல் 30-இல்.

இது நமக்குத் தெரியாத துக்கமா? 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு கன்னியாகுமரிக் கரையில் உடல் கிடைக்காத பிள்ளைகளுக்காகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்களை நாம் பார்த்தோம். அதே 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வீதியில் உட்காரத் தொடங்கிய ஈழத்து அம்மாக்களையும் பார்த்தோம். ஒரு தேதிகூடக் கையில் இல்லாமல் அழுகிற பெண்ணுக்கு எந்த ஊர் என்றால் என்ன? அந்த வீட்டு அம்மா என்னிடமும் ஓர் ஊதுவத்தியைக் கொடுத்தார். நானும் ஏற்றினேன். அதற்கு எந்தச் செயலியும் தேவைப்படவில்லை.

சைகோன் மாரியம்மன் கோவிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் எல்லோருடைய அட்டவணையிலும் அது இருக்கிறது, கால் மணி நேரம். ட்ருவோங் டின் தெருவில், 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் நம் ஆட்கள் கட்டிய கோவில். நம்ம ஊர் கோபுரம், நம்ம ஊர் அம்மன் என்று போட்டோ எடுத்துவிட்டு எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள். உள்ளே கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. இன்றைக்கு அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வியட்நாமியரும் சீன வம்சாவளியினரும்தான். கருவறைக்குப் பின்புறச் சுவரில் நெற்றியை அழுத்தி வைத்துக்கொண்டு, அம்மனுக்கு மட்டும் கேட்கிற குரலில் முறையிடுகிறார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு இளம்பெண் அப்படி நின்றாள். ஆபீஸ் போகிற உடை, தோளில் கைப்பை, மூடிய கண்ணிலிருந்து நீர். முடித்துத் திரும்பியவள் என்னைப் பார்த்து, சுவரில் தான் நெற்றி வைத்த இடத்தைக் காட்டி, நீங்களும் சொல்லுங்கள் என்பது போலத் தள்ளி நின்றாள். நம் சாமியிடம் எப்படி வேண்டிக்கொள்வது என்று ஒரு வியட்நாம் பெண் எனக்குக் காட்டிக் கொடுத்தாள். நானும் நெற்றியை வைத்தேன். கல் சூடாக இருந்தது, அவ்வளவு பேர் வைத்திருந்தார்கள்.

அதற்குள் வெளியே விசில் ஊதிவிட்டார்கள்.

சைகோனில் நம்மவர்கள் கட்டிய கோவில்களின் கதையை நீங்கள் பஸ்ஸில் முழுதாகச் சொல்வதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைப் பிடித்த பிறகு புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர்கள் அங்கே குமாஸ்தா, போலீஸ், வரி வசூல் வேலைக்குப் போனார்கள். நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள். தண்டாயுதபாணி கோவில், சுப்பிரமணியர் கோவில் எல்லாம் அந்தக் காலத்தவை. டோங் டூ தெருவில் 1935-இல் கட்டிய பள்ளிவாசலும் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியதுதான். மேகாங் டெல்டாவின் நெல் நிலங்களில் நம்மவர் பணம் நிறையவே புழங்கியது. 1930-களில் உலகமெங்கும் நெல் விலை விழுந்தபோது கடன்பட்ட விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் மேல் அங்கே கசப்பு வளர்ந்தது. இதைச் சொல்லாமல் கோபுரத்தை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான். அந்த டெல்டா விவசாயியை அன்றைய நம் ஆட்களில் பலர் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தார்கள். அங்கேயே குடும்பம் நடத்தியவர்களும் உண்டு. புதுச்சேரியில் இன்றும் பாட்டி வியட்நாம்காரராக இருந்த வீடுகள் இருக்கின்றன, அந்த வீடுகளில் நெம் என்ற வியட்நாம் சுருள் பலகாரம் பொரிக்கிறார்கள். 1975-க்குப் பிறகு நம்மவர்களில் மிகப் பலர் கிளம்பி வந்துவிட்டார்கள். கோவில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர்களில் அந்த ஊர்க்காரர்களும் உண்டு. இன்று நாங்கள் அங்கே பில் புத்தகத்தோடு மட்டும் போய்த் திரும்பினால், அந்தக் கணக்குப் புத்தகக் காலத்தைவிட ஒரு அடிகூட நகரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இது உங்களுக்குப் பெரிய தலைவலி என்று எனக்குத் தெரியும். வயதானவர்கள், சைவம், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள். அதனால்தான் மூன்று வேளையும் இந்திய உணவகத்துக்கே கூட்டிப்போகிறீர்கள். ஆனால் வியட்நாம் பௌத்தம் வேரூன்றிய நாடு. அமாவாசையை ஒட்டிய முதல் தேதியிலும் பௌர்ணமியிலும் அங்கே ஏராளமானவர்கள் சைவம்தான். 'சாய்', அதாவது சைவம், என்று பலகை மாட்டிய கடை எந்த ஊரிலும் உண்டு. அங்கே மீன் சாறு ஊற்றமாட்டார்கள், சோயாதான். அரிசி மாவும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து சொய்யென்று ஊற்றும் தோசை இருக்கிறது. இடியாப்பம் போலவே மெல்லிசாகப் பிழிந்து வேகவைத்ததும் இருக்கிறது. நா டிராங் பக்கம் மண்ணால் செய்த குழிக்கல்லில் பணியாரம் ஊற்றுகிறார்கள். இவற்றையெல்லாம் தாண்டிப் போய், ரப்பராகிப்போன பனீர் பட்டர் மசாலாவை ஆறாவது தடவையாகச் சாப்பிட்டோம். ஒரே ஒரு வேளை மாற்றிப் பாருங்கள். எங்கள் மாமிகள் முதலில் முகம் சுளிப்பார்கள், அப்புறம் அந்தக் கல்லை எங்கே வாங்கலாம் என்று கேட்பார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். "இங்கே பாம்பு, நாய் எதையும் விட்டுவைக்க மாட்டாங்க, பார்த்துச் சாப்பிடுங்க" என்று மைக்கில் சொல்லும் நகைச்சுவையை நிறுத்துங்கள். முன் சீட்டில் அந்த ஊர் வழிகாட்டிப் பெண் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முப்பது பேர் தெருவோரச் சாப்பாட்டுக் கடையைக் கைகாட்டிச் சிரிப்பது என்னவென்று எந்த மனிதருக்கும் புரியும். நாம் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து வேற்று நாட்டார் சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்? எனக்கும் அவர்கள் சாப்பிடுவதில் ஒப்பாதது உண்டு. நான் அதைச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். மனிதர்கள் எல்லாம் ஒன்று என்று சொல்வதற்கு எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் சாப்பாட்டைக் கேலி செய்யாமல் இருந்தால் போதும்.

அந்த வழிகாட்டிப் பெண்ணோடு பேசக் கிடைத்தது கூ சியில்தான். 200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட சுரங்கங்கள், ஆள் நுழையவே முடியாத வாசல்கள். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே இறங்கித் தலையை நீட்டிப் போட்டோ எடுத்தார்கள். பக்கத்திலேயே காசு கொடுத்து நிஜத் துப்பாக்கியால் சுடும் இடம் ஒன்று இருக்கிறது. குண்டுக்கு இவ்வளவு என்று விலை. அட்டவணைப்படி அங்கே முக்கால் மணி நேரம். வெடிச்சத்தம் காட்டுக்குள் முட்டி முட்டித் திரும்பியது. அந்தப் பெண் தூரமாகப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது போரில் இறந்தார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அப்பாவுக்கு இரண்டு அண்ணன்கள் என்றார். ஒருவர் வடக்கின் பக்கம் நின்றவர், இன்னொருவர் தெற்கின் படையில் இருந்தவர், இரண்டு பேருமே இல்லை. பாட்டி என்ன செய்தார் என்று கேட்டேன். "இரண்டு படத்தையும் ஒரே மாடத்தில்தான் வைத்தார். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் படைத்தார்" என்றார். 1995-இல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்கில் பொதுமக்கள் மட்டும் 20 லட்சம் பேர் வரை இறந்திருக்கிறார்கள். அந்த எண்ணை உங்கள் துண்டறிக்கையில் படித்தபோது எனக்குள் எதுவும் அசையவில்லை. அந்த ஒரு மாடத்தைப் பற்றிக் கேட்ட பிறகுதான் அசைந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் எங்கள் எல்லோருக்கும் தன் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அட்டவணையில் அவர் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஆள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, செலவு யார் தருவது, யாராவது தொலைந்துபோனால் யார் பதில் சொல்வது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஹனோயில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ராஜபாளையத்து அக்கா ஒருவர் இருந்தார், தினமும் நடக்காவிட்டால் அவருக்குக் கால் வீங்கிவிடும். விடிகாலை ஐந்தரைக்கு ஹோட்டலுக்குப் பக்கத்தில் இருந்த ஹோவான் கியேம் ஏரிக்கரைக்கு நடக்கப் போனார். அந்த நேரத்தில் ஊர்க் கிழவன் கிழவிகள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். ஒரு பக்கம் உடற்பயிற்சி, ஒரு பக்கம் பூப்பந்து, ஒரு பக்கம் பாட்டுப் போட்டு ஆட்டம். ஒரு வரிசையில் இருந்த பாட்டி இவரைக் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்திவிட்டார். இவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை ஆட்டியிருக்கிறார். முடிந்ததும் அவர்கள் முழங்காலைத் தொட்டுக் காட்டி இவருடைய வலியை விசாரித்தார்கள். இவர் அவர்கள் இடுப்பு வலியை விசாரித்தார். எட்டு மணி பஸ்ஸுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் அவரோடு ஒன்பது பேர் போனோம். ஒரு பைசா செலவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். பென் ட்ரே நாளில் பாட்டையும் பழத்தட்டையும் எடுத்துவிட்டு, ஒரு விவசாயி வீட்டில் மதியச் சாப்பாடு போடுங்கள். எங்கள் ஆட்களிடம் முன்னாலேயே சொல்லுங்கள், இங்கேயும் கடைமடை இருக்கிறது, தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள் என்று. மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாரியம்மன் கோவிலுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், முடிந்தால் பௌர்ணமியில் போகிற மாதிரி தேதி பாருங்கள். கமிஷன் வரும் முத்துக் கடை, ரப்பர் மெத்தைக் கடை இரண்டில் ஒன்றையாவது விடுங்கள். அதனால் தலைக்கு ஐநூறோ ஆயிரமோ கூடினால் நாங்கள் தருகிறோம், ஆனால் எதற்காக என்று துண்டறிக்கையில் எழுதுங்கள். கூ சியில் துப்பாக்கி சுடும் நேரத்தை அந்த ஊர் வழிகாட்டிக்குக் கொடுத்து, விருப்பம் இருந்தால் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். விருப்பம் இல்லையென்றால் அவரை வற்புறுத்தவும் வேண்டாம். விடியற்காலையில் ஏரிக்கரைக்கு யாராவது போக விரும்பினால், ஹோட்டல் முகவரி எழுதிய அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், போதும்.

வந்துசேர்ந்த பிறகும் நாங்கள் அந்தப் பென் ட்ரே வீட்டாரோடு கைபேசியில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்தக் கோடையில் உப்பு எவ்வளவு ஏறியது என்று என் கணவர் கேட்பார், மேட்டூரில் எத்தனை அடி என்று அந்த ஐயா கேட்பார். இந்த மடல் எழுதுவதற்கு முன்னால் அவர்களிடமும் கேட்டுவிட்டேன். இருபது பேர் வரை உட்கார வைத்துச் சாப்பாடு போட முடியும், சைவம் என்றால் ஒருநாள் முன்னால் தெரிய வேண்டும், அவர்கள் வீட்டு நினைவு நாட்களில் வந்தாலும் தடையில்லை, வருகிறவர்களும் சமையலில் கை கொடுக்க வேண்டும் என்கிறார்கள். தை மாதக் குழுவுக்கு நீங்கள் இப்போது அட்டவணை போட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களில் யார் கேட்டாலும் அவர்களோடு பேச ஏற்பாடு செய்து தருகிறேன்.

அன்புடன்,
திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்